குறை யாரிடம்? ஆணின் மலட்டுத்தன்மையும் பரம்பரை அலகுகளும்

கலியாணம் முடிந்து ஆறு மாதம் கழிவதற்குள் புது மணப்பெண்ணின் வயிற்றை ஊரே பார்க்கத் தொடங்கிவிடுகிறது. "இன்னும் ஒன்றும் இல்லையா?" என்று மாமி கேட்பார். மதினி கேட்பார். கலியாண வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவரும் கேட்பார். ஒரு வருடம் போனால் கேள்வி பேச்சாகிவிடும். மூன்று வருடம் போனால் பேச்சு தீர்ப்பாகிவிடும். "மலடி" என்ற அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்கு நம் சமூகத்தில் எவருக்கும் சாட்சியும் தேவையில்லை, றிப்போட்டும் தேவையில்லை.

அதற்குள் அந்தப் பெண் எத்தனை வைத்தியர்களிடம் ஏறி இறங்கியிருப்பாள்! இரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கருக்குழாயில் மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே என்று எல்லாம் முடிந்திருக்கும். கட்டிய தாவீசும் ஓதிக் குடித்த தண்ணீரும் தனிக் கணக்கு. கணவரோ பெரும்பாலும் ஒரேயொரு பரிசோதனைக்குக்கூட முகம் கொடுத்திருக்கமாட்டார். "எனக்கென்ன குறை? நான் ஆண்பிள்ளை" என்பதுதான் பதிலாக இருக்கும்.

சகோதரிகளே, இந்தப் பதிலுக்குள்தான் எத்தனையோ குடும்பங்களின் கண்ணீர் அடங்கிக் கிடக்கிறது. பிள்ளையில்லாத தம்பதிகளை எடுத்துக்கொண்டால், ஏறத்தாழப் பாதிப் பேரில் ஆணின் பக்கத்திலும் காரணம் இருக்கிறது என்பது மருத்துவ உலகம் பல காலமாக அறிந்த விஷயம். சிலரில் ஆணிடம் மட்டும் குறை இருக்கும். சிலரில் இருவரிடமும் இருக்கும். உலகில் வயதுவந்தவர்களில் ஏறத்தாழ ஆறு பேருக்கு ஒருவர் வாழ்நாளில் ஒரு கட்டத்திலாவது இந்தச் சோதனையைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டு அறிவித்தது. ஆகவே இது யாரோ ஒரு வீட்டுக் கதை அல்ல. நம் தெருவிலும் இருக்கும், நம் குடும்பத்திலும் இருக்கும்.

ஆணின் குறைக்குக் காரணங்கள் பல. சிறுவயதுக்குப் பின் வரும் கூகைக்கட்டு விதைகளைப் பாதிப்பது, விதைப்பையில் இரத்த நாளங்கள் புடைத்திருப்பது, கீழிறங்காத விதை, நீரிழிவு, புகைத்தல், சில மருந்துகள் என்று பட்டியல் நீளும். இவற்றைப் பற்றி ஓரளவுக்கு நம்மவர்கள் கேள்விப்பட்டிருக்கிறார்கள். ஆனால், பிறப்பிலேயே அமைந்துவிட்ட பரம்பரை அலகுக் காரணங்களைப் பற்றித்தான் அதிகம் தெரியாது. விந்தணுவே இல்லாத ஆண்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு இத்தகைய காரணம் கண்டுபிடிக்கப்படுகிறது. அதனை விளங்கிக்கொண்டால் வீண் பழியும் குறையும், வீண் செலவும் குறையும்.

ஆண்மை வேறு, விந்தணு வேறு

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். தாம்பத்திய உறவில் எந்தக் குறையும் இல்லாத, தாடி மீசையுடன் ஆரோக்கியமாக நடமாடும் ஒருவரின் விந்தில் ஒரு விந்தணுகூட இல்லாதிருக்கலாம். வெளியே வரும் விந்தின் பெரும்பகுதி வேறு சுரப்பிகளில் ஊறும் நீர். விதைகளிலிருந்து வரும் விந்தணுக்கள் அதில் மிகச் சிறிய பங்குதான். அவை இருக்கின்றனவா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியாது. நுண்காட்டியில் பார்த்தால்தான் தெரியும்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கைந்நூலின்படி, ஒரு மில்லிலீற்றர் விந்தில் 1 கோடி 60 இலட்சம் விந்தணுக்கள் என்பது கீழ் எல்லை. அதற்குக் குறைந்தாலும் பிள்ளை கிடைக்கலாம். கூடினாலும் கிடைக்காமல் போகலாம். ஆனால் ஒன்றுமே இல்லை என்றால் காரணத்தைத் தேடியே ஆகவேண்டும். ஆண்கள் நூறு பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு இந்த நிலை இருப்பதாக மதிப்பிடப்பட்டிருக்கிறது.

ஆகவே, விந்துப் பரிசோதனை செய்யச் சொல்வது ஒருவரின் ஆண்மையைச் சந்தேகிப்பது ஆகாது. இரத்தத்தில் சீனி பார்ப்பதைப்போல இதுவும் ஒரு பரிசோதனை, அவ்வளவுதான்.

நிறமூர்த்தம் என்றால் என்ன?

நம் உடலின் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் நூலிழை போன்ற பொருள்கள் இருக்கின்றன. பாடசாலைப் புத்தகத்தில் இவற்றை நிறமூர்த்தங்கள் என்று பிள்ளைகள் படிக்கிறார்கள். டொக்டர்மார் குரோமோசோம் என்பார்கள். மனிதனுக்கு 46 நிறமூர்த்தங்கள், அதாவது 23 சோடிகள். இந்த எண்ணிக்கைகூட 1956ஆம் ஆண்டில்தான் சரியாகக் கணக்கிடப்பட்டது. அதுவரை 48 என்றே விஞ்ஞானிகள் நம்பியிருந்தார்கள்.

ஒவ்வொரு சோடியிலும் ஒன்று தாயிடமிருந்தும் மற்றது தகப்பனிடமிருந்தும் வருகிறது. இந்த நூல்களில் வரிசையாக அமைந்த கட்டளைகள்தாம் பரம்பரை அலகுகள். கண்ணின் நிறம் முதல் விந்தணுவின் வால் வரை எதை எப்படி உண்டாக்க வேண்டும் என்ற குறிப்பு அவற்றில்தான் இருக்கிறது.

கடைசிச் சோடி பாலைத் தீர்மானிப்பது. பெண்ணுக்கு எக்ஸ், எக்ஸ். ஆணுக்கு எக்ஸ், வை. தாயின் முட்டையில் எப்போதும் எக்ஸ்தான் இருக்கும். தகப்பனின் விந்தணுவில் எக்ஸ் இருந்தால் பெண் பிள்ளை, வை இருந்தால் ஆண் பிள்ளை. சிறு வண்டுகளை ஆராய்ந்து இந்த வை நிறமூர்த்தத்தின் வேலையை 1905ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டியவர் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி. "பெண் பிள்ளையாகவே பெறுகிறாள்" என்று மருமகளைக் குத்திக்காட்டும் மாமிமாருக்கு இந்தச் செய்தியை யாராவது பக்குவமாக எடுத்துச் சொல்லலாம்.

கூடுதலாக வந்த ஓர் எக்ஸ்

1942ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்டன் நகர வைத்தியசாலையொன்றில் ஹரி கிளைன்ஃபெல்டர் என்ற இளம் வைத்தியரும் அவருடைய ஆசிரியர்களும் ஒன்பது ஆண்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்களுக்கு விதைகள் சிறிதாக இருந்தன, மார்பு சற்றுப் பருத்திருந்தது, விந்தணுக்கள் இல்லை. காரணம் என்னவென்று அப்போது தெரியவில்லை. 1959ஆம் ஆண்டில் ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரில் பற்றீசியா ஜேக்கப்ஸ் அம்மையாரும் ஜோன் ஸ்ட்ரோங் என்பவரும் இதே நிலையிலுள்ள ஒருவரின் நிறமூர்த்தங்களை எண்ணிப் பார்த்தார்கள். 46 இருக்கவேண்டிய இடத்தில் 47 இருந்தன. எக்ஸ், வை என்ற சோடியுடன் இன்னோர் எக்ஸும் சேர்ந்திருந்தது.

கிளைன்ஃபெல்டர் நிலை என்று பெயர்பெற்ற இது அரிதான ஒன்றல்ல. பிறக்கும் ஆண் குழந்தைகளில் ஏறத்தாழ 600 பேருக்கு ஒருவரிடம் இருக்கிறது. ஆனால், பெரும்பாலானோர் இதை அறியாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள். சற்று உயரமாக, நீண்ட கைகால்களுடன் இருப்பார்கள். சிலருக்குத் தாடி குறைவாக இருக்கும். சிலரிடம் வெளியே எந்த அடையாளமும் தெரியாது. படிப்பார்கள், தொழில் செய்வார்கள், கலியாணம் முடிப்பார்கள். பிள்ளையில்லை என்று பரிசோதிக்கும்போதுதான் பலருக்கு விஷயம் வெளிப்படுகிறது.

இது யாருடைய பிழையும் அல்ல. முட்டையோ விந்தணுவோ உருவாகும்போது நிறமூர்த்தச் சோடி பிரியாமல் போனதால் நேர்வது. ஏறத்தாழப் பாதிப் பேரில் அந்த மேலதிக எக்ஸ் தாயிடமிருந்தும், மீதிப் பேரில் தகப்பனிடமிருந்தும் வந்திருக்கிறது. கர்ப்ப காலத்தில் உம்மா சாப்பிட்டதாலோ நடந்ததாலோ வந்ததல்ல.

முன்பெல்லாம் இவர்களுக்கு வழியே இல்லை என்று சொல்லப்பட்டது. இப்போது அப்படியல்ல. நுண்காட்டியின் உதவியுடன் விதையைத் திறந்து, விந்தணு உருவாகும் சின்னஞ்சிறு பகுதிகளைத் தேடி எடுக்கும் சத்திரசிகிச்சை 1990களின் இறுதியில் நியூயோர்க்கில் உருவானது. தேர்ந்த நிலையங்களில் கிளைன்ஃபெல்டர் நிலையுள்ள ஆண்களில் நூற்றுக்கு 40 முதல் 50 பேர் வரையில் இவ்விதம் விந்தணு கிடைத்திருக்கிறது. கிடைத்த விந்தணுவை மனைவியின் முட்டைக்குள் ஊசியால் செலுத்திக் கருவாக்கலாம்.

பிள்ளை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இவர்கள் வைத்தியரின் கண்காணிப்பில் இருக்கவேண்டும். ஆண் ஓமோன் குறைவதால் எலும்பு பலவீனமாகலாம். நீரிழிவு வரும் வாய்ப்பும் கூடுதல். ஆகவே இந்தப் பரிசோதனை பிள்ளைக்காக மட்டுமல்ல, கணவரின் நீண்ட கால ஆரோக்கியத்துக்காகவும்தான்.

வை நிறமூர்த்தத்தில் விடுபட்ட வரிகள்

1976ஆம் ஆண்டில் இத்தாலியைச் சேர்ந்த தியெபோலோ, சுஃபார்தி என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1170 ஆண்களின் நிறமூர்த்தங்களைப் பார்த்தார்கள். அவர்களில் ஆறு பேருக்கு வை நிறமூர்த்தத்தின் நீண்ட கையில் ஒரு துண்டு காணாமற் போயிருந்தது. ஆறு பேருக்கும் விந்தணு இல்லை. விந்தணு உற்பத்திக்கான கட்டளைகள் அந்தத் துண்டில்தான் இருந்திருக்கவேண்டும் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். இருபது வருடம் கழித்து 1996இல் அந்தப் பகுதி ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்துக் காட்டப்பட்டது.

எந்தப் பகுதி விடுபட்டிருக்கிறது என்பது மிக முக்கியம். ஏ அல்லது பி பகுதி முழுமையாக இல்லாவிட்டால் விதையைத் திறந்து தேடினாலும் விந்தணு கிடைப்பதில்லை என்பதே அனுபவம். அப்படிப்பட்டவருக்குச் சத்திரசிகிச்சை செய்வது வீண் நோவும் வீண் பணமும்தான். சி பகுதி மட்டும் விடுபட்டிருந்தால் நிலைமை வேறு. அவர்களில் பலருக்குக் கொஞ்சமாவது விந்தணு இருக்கும், அல்லது தேடினால் கிடைக்கும். ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனையில் இது தெரிந்துவிடும். கத்தி வைப்பதற்கு முன் இந்தப் பரிசோதனையைக் கேட்பது தம்பதிகளின் உரிமை.

இன்னொரு விஷயத்தையும் யோசிக்கவேண்டும். வை நிறமூர்த்தம் தகப்பனிடமிருந்து மகனுக்கு அப்படியே போகும். சி பகுதி இல்லாத ஒருவருக்கு நவீன சிகிச்சையால் ஆண் பிள்ளை பிறந்தால் அந்தப் பிள்ளைக்கும் அதே குறை வரும். பெண் பிள்ளைக்கு வராது. இதை அறிந்துகொண்டுதான் தம்பதிகள் முடிவெடுக்கவேண்டும். சிகிச்சையைக் கைவிடவேண்டும் என்பதல்ல இதன் பொருள். மகன் வளர்ந்த பின், காலம் தாழ்த்தாமல் பரிசோதித்துக்கொள்ள அவனுக்கு வழிகாட்டலாம்.

விந்தணு உண்டு, வழி இல்லை

சிலருக்கு விதையில் விந்தணு நன்றாகவே உற்பத்தியாகும். ஆனால் அதை வெளியே கொண்டுவரும் விந்துக் குழாய்கள் பிறப்பிலேயே அமைந்திருக்காது. இவர்களின் விந்து அளவில் குறைவாகவும் நீர்த்தும் இருக்கும். அனுபவமுள்ள வைத்தியர் கையால் தொட்டுப் பார்த்தே குழாய் இல்லை என்பதைக் கண்டுகொள்வார்.

இவர்களில் பலருக்கு ஏழாவது நிறமூர்த்தத்திலுள்ள ஒரு பரம்பரை அலகில் கோளாறு இருக்கிறது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற கடுமையான நுரையீரல், சமிபாட்டு நோயை உண்டாக்குவதும் இதே அலகுதான். 1989ஆம் ஆண்டில் இது கண்டுபிடிக்கப்பட்டது. ஐரோப்பியரிடையே இது அதிகம். நம் பக்கத்தில் குறைவு என்றாலும் இல்லாமலில்லை.

விதையிலிருந்து ஊசியால் விந்தணுவை எடுத்துக் கருவாக்குவது இவர்களுக்கு மற்றவர்களைவிட எளிது. ஆனால், அதற்கு முன் மனைவியும் அந்தப் பரம்பரை அலகுக்கான இரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளவேண்டும். மனைவியிடமும் அதே அலகில் கோளாறு மறைந்திருந்தால் பிறக்கும் பிள்ளை அந்த நோயுடன் பிறக்கக்கூடும். கணவருக்குக் குறை என்று தெரிந்த பின்னும் மனைவியைப் பரிசோதிக்கச் சொல்கிறார்களே என்று மனம் நோகவேண்டாம். இது பழி தேடும் பரிசோதனை அல்ல, பிள்ளையின் பாதுகாப்புக்கானது.

வாசனை தெரியாத வாலிபன்

கணவருக்குப் பூவின் வாசனையும் தெரியாது, கறி கருகும் மணமும் தெரியாது; பருவ வயதில் குரல் உடையவில்லை, தாடி முளைக்கவில்லை. இந்த இரண்டு செய்திகளும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவைபோலத் தோன்றும். உண்மையில் இரண்டுக்கும் வேர் ஒன்றே. 1944ஆம் ஆண்டில் ஃபிரான்ஸ் கால்மன் என்பவர் விவரித்த நிலை இது.

கரு வளரும்போது, மணத்தை அறியும் நரம்புகளும், பருவமடைதலைத் தொடக்கிவைக்கும் ஓமோனைச் சுரக்கும் நரம்புக் கலங்களும் மூக்கின் பக்கத்திலிருந்து மூளைக்குள் ஒரே பாதையில் பயணம் செய்கின்றன. அந்தப் பயணத்துக்கான பரம்பரை அலகில் கோளாறு இருந்தால் இரண்டும் பாதிக்கப்படும். விதைகளில் நேரடியான நோய் எதுவுமில்லை. மூளையிலிருந்து அவற்றுக்குக் கட்டளை வரவில்லை, அவ்வளவுதான்.

ஆணின் பரம்பரைக் குறைகளில் மருந்தால் நன்கு பலன் கிடைப்பது இதற்குத்தான். வராத கட்டளைக்குப் பதிலாக ஓமோன் ஊசிகளைப் பல மாதங்கள், சிலருக்கு ஒன்றிரண்டு வருடங்கள் தொடர்ந்து ஏற்றினால் பலரில் விந்தணு உற்பத்தி தொடங்குகிறது. இயற்கையாகவே பிள்ளை பெற்றவர்களும் இருக்கிறார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆண் ஓமோனாகிய டெஸ்டோஸ்டெரோனை மட்டும் ஊசியாகவோ மாத்திரையாகவோ எடுத்தால் விந்தணு கூடாது, குறையும். வெளியிலிருந்து ஓமோன் வரும்போது மூளை தன் கட்டளையை நிறுத்திக்கொள்ளும். உடற்பயிற்சி நிலையங்களில் தசை பெருக்க இளைஞர்கள் எடுக்கும் ஊசிகளிலும் இந்த ஆபத்து உண்டு. "சக்திக்கு" என்று யாரோ கொடுத்த மருந்தைக் கணவர் பாவிக்கிறார் என்றால் அதை மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

அடிக்கடி கரு கலைகிறதா?

கரு தங்குகிறது, ஆனால் இரண்டு மூன்று மாதத்தில் கலைந்துவிடுகிறது. இப்படி இரண்டு மூன்று முறை நடந்தால் "அவளுடைய கர்ப்பப்பையில் பலமில்லை" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். சில தம்பதிகளில் காரணம் கணவரின் நிறமூர்த்தங்களில் இருக்கலாம், மனைவியினதிலும் இருக்கலாம்.

ஒரு நிறமூர்த்தத்தின் துண்டு இன்னொன்றில் இடம்மாறி ஒட்டிக்கொண்டிருக்கும் நிலை இது. மொத்தத்தில் எதுவும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்பதால் அந்த மனிதருக்கு ஒரு நோயும் இராது. விந்தணு அல்லது முட்டை உருவாகப் பாதியாகப் பிரியும்போதுதான் கணக்குப் பிசகுகிறது. ஒன்றில் கூடுதலாகவும் மற்றதில் குறைவாகவும் போய்ச் சேர்கிறது. அப்படி உண்டாகும் கரு பெரும்பாலும் தங்குவதில்லை. சிலவேளை குறைபாட்டுடன் பிறப்பதும் உண்டு. சில ஆண்களில் இதே காரணத்தால் விந்தணு எண்ணிக்கையும் குறைகிறது.

எனவே, தொடர்ந்து கரு கலையும் தம்பதிகளில் கணவன், மனைவி இருவரின் இரத்தத்திலும் நிறமூர்த்தப் பரிசோதனை செய்யப்படுகிறது. ஒருவரை மட்டும் அனுப்புவது பாதி வேலைதான். இந்த நிலையுள்ள பலர் பொறுமையுடன் முயன்று ஆரோக்கியமான பிள்ளைகளைப் பெற்றிருக்கிறார்கள் என்பதும் ஆறுதலான செய்தி.

பிள்ளையில்லாதவனின் நோய் பரம்பரையாக வருவது எப்படி?

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். "என் வாப்பாவுக்கு ஏழு பிள்ளைகள். நானாமார் எல்லோருக்கும் பிள்ளைகள். எனக்கு மட்டும் பரம்பரைக் குறை எப்படி வரும்?" என்று கணவர் கேட்பார். மலட்டுத்தன்மை உள்ளவருக்குப் பிள்ளையே இல்லை என்றால் அது அடுத்த தலைமுறைக்குப் போவதுதான் எப்படி?

பதில் மூன்று வகை. முதலாவது, பெரும்பாலான குறைகள் அந்த மனிதரில்தான் புதிதாகத் தோன்றுகின்றன. மேலதிக எக்ஸும், வை நிறமூர்த்தத்தில் விடுபட்ட துண்டும் பெரும்பாலும் இப்படிப்பட்டவை. தகப்பனுக்கு அந்தக் குறை இருந்திருக்காது.

இரண்டாவது, சில குறைகள் எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கும். தாய்க்கு எக்ஸ் இரண்டு இருப்பதால் ஒன்றிலுள்ள குறையை மற்றது ஈடுசெய்துவிடும். மகனுக்கு எக்ஸ் ஒன்றுதான். தாயிடமிருந்து குறையுள்ள எக்ஸ் வந்தால் அவனுக்கு மாற்று இல்லை. கால்மன் நிலையில் ஒரு வகை இவ்வாறுதான் வருகிறது.

மூன்றாவது வகைதான் நம் குடும்பங்கள் கவனிக்கவேண்டியது. சில குறைகள் தாய், தகப்பன் இருவரிடமும் ஒவ்வொரு பிரதியாக மறைந்திருக்கும். இருவரும் நலமாகவே இருப்பார்கள். பிள்ளைக்கு இருவரிடமிருந்தும் குறையுள்ள பிரதி வந்து சேர்ந்தால்தான் நோய் வெளிப்படும். அதற்கான வாய்ப்பு ஒவ்வொரு பிள்ளையிலும் நாலில் ஒன்று. குருநாகல் வைத்தியசாலையில் பல குடும்பங்கள் சிகிச்சை பெறும் தலசீமியா நோயும் இதே வழியில் வருவதுதான்.

மாமா மகள், மாமி மகன் என்று சொந்தத்துக்குள் கலியாணம் முடிக்கும்போது, ஒரே பாட்டன் பாட்டியிடமிருந்து வந்த மறைந்த குறை இரு பக்கமும் இருக்கும் வாய்ப்புக் கூடுகிறது. வட ஆபிரிக்க நாடுகளைப் பூர்வீகமாகக் கொண்ட ஆண்களில், விந்தணுவின் தலை பெரிதாகி நிறமூர்த்தங்கள் பிரியாமல் நிற்கும் ஒரு நிலை காணப்பட்டது. அதற்குக் காரணமான பரம்பரை அலகை 2007ஆம் ஆண்டில் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். இரு பிரதியும் குறையாக இருந்தால்தான் அது வரும். இவர்களின் விந்தணுவை முட்டைக்குள் செலுத்தினாலும் பயனில்லை என்பதால், பரிசோதனை அவர்களை வீண் செலவிலிருந்து காப்பாற்றுகிறது.

இன்னொரு வகையில், மூச்சுக்குழாயில் சளியை வெளியேற்றும் நுண்மயிர்களும் விந்தணுவின் வாலும் ஒரே அமைப்பைக் கொண்டிருப்பதால் இரண்டும் அசையாமல் போகின்றன. சிறுவயது முதல் ஓயாத சளியும் இருமலும், சிலருக்கு இதயம் வலப்பக்கத்திலும் இருக்கும். விந்தணு உயிருடன் இருக்கும், ஆனால் நீந்தாது. இவர்களுக்கு முட்டைக்குள் செலுத்தும் சிகிச்சை உதவும்.

சொந்தத்துக்குள் முடிப்பது மார்க்கத்தில் தடையானதல்ல. அப்படி முடித்த பெரும்பாலானோரின் பிள்ளைகள் நலமாகவே இருக்கிறார்கள். ஆனால், ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று ஆண்களுக்குப் பிள்ளையில்லை என்றால் அதை மூடி மறைக்காமல், அடுத்த சம்பந்தம் பேசும் முன் வைத்தியரிடம் ஆலோசனை கேட்பதே புத்தி.

என்ன செய்யவேண்டும்?

ஒரு வருடம் ஒன்றாக வாழ்ந்தும் கரு தங்கவில்லை என்றால் கணவன், மனைவி இருவரும் சேர்ந்தே வைத்தியரிடம் போகவேண்டும். மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே போவது நல்லது.

முதல் பரிசோதனைகளில் ஒன்றாகக் கணவரின் விந்துப் பரிசோதனை இருக்கட்டும். நோவில்லாதது, மனைவிக்குச் செய்யும் பல பரிசோதனைகளைவிடச் செலவும் குறைந்தது. இரண்டு நாள் முதல் ஏழு நாள் வரை உறவைத் தவிர்த்துவிட்டுக் கொடுக்கவேண்டும். முதல் றிப்போட் சரியில்லை என்றால் சில வாரங்கள் கழித்து மீண்டும் பார்க்கவேண்டும். காய்ச்சல் வந்தாலே எண்ணிக்கை குறையக்கூடும் என்பதால் ஒரு றிப்போட்டை வைத்து முடிவெடுக்கக்கூடாது. கையால் எடுத்துக் கொடுக்க மனம் ஒப்பாதவர்களுக்கு, உறவின்போதே சேகரிக்க உதவும் விசேட உறை உண்டு. கடையில் வாங்கும் சாதாரண உறை விந்தணுவைப் பாதிப்பதால் அது உதவாது.

விந்தணு இல்லை, அல்லது ஒரு மில்லிலீற்றரில் 50 இலட்சத்துக்கும் குறைவு என்றால் ஓமோன் பரிசோதனையுடன் நிறமூர்த்தப் பரிசோதனை, வை நிறமூர்த்தப் பரிசோதனை ஆகியவற்றைப் பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் மானிடப் பரம்பரையியல் பிரிவு பல காலமாக இத்துறையில் பணியாற்றி வருகிறது. உங்களைப் பார்க்கும் வைத்தியரின் கடிதத்துடன் எங்கே போவது என்று கேட்டறியலாம்.

ஒரு விந்தணுவை ஒரு முட்டைக்குள் ஊசியால் செலுத்தும் சிகிச்சையை 1992ஆம் ஆண்டில் பெல்ஜியத்தின் பிரசல்ஸ் நகர வைத்தியர்கள் உலகுக்கு அறிவித்தார்கள். கடுமையான ஆண் குறைக்கு அதுவே பெரிய திருப்பமாயிற்று. ஆனாலும் இதில் வெற்றி நிச்சயமல்ல, செலவும் அதிகம். காணியை விற்று, நகையை அடகு வைத்து இறங்கும் முன், நம் குறைக்கு இது பலன் தருமா என்பதைப் பரம்பரைப் பரிசோதனை மூலம் அறிந்துகொள்ளவேண்டும்.

மார்க்க ரீதியாகவும் பலருக்குச் சந்தேகம் உண்டு. 1980ஆம் ஆண்டில் எகிப்தில் அல்அஸ்ஹரின் பேரறிஞர் ஜாதுல் ஹக் அவர்கள் கொடுத்த ஃபத்வாவில், திருமண பந்தத்திலுள்ள கணவனின் விந்தணுவையும் மனைவியின் முட்டையையும் வெளியே இணைத்து அதே மனைவியின் கர்ப்பத்தில் வைப்பதற்கு இடமளிக்கப்பட்டது. மூன்றாம் ஆளின் விந்தணுவையோ முட்டையையோ சேர்ப்பது வம்சத்தைக் குழப்புவதால் தடுக்கப்பட்டது. சுன்னத் வல் ஜமாஅத் அறிஞர்கள் பெரும்பாலோர் இதையே பின்பற்றுகிறார்கள். ஆகவே சிகிச்சை நிலையத்தில் "எங்கள் இருவருடையதைத் தவிர வேறெதுவும் வேண்டாம்" என்று எழுத்தில் கொடுப்பதில் தயங்கவேண்டாம்.

வீட்டிலிருப்பவர்களுக்கு

கணவரின் குறை தெரியவரும் நாள் அவருக்கு மிகக் கடினமான நாள். அன்றைக்கு மனைவி பழைய பழிகளுக்குப் பதில் சொல்லத் தொடங்கினால் இருவருமே தோற்றுப்போவார்கள். விஷயத்தை ஊருக்குச் சொல்லவேண்டும் என்றும் இல்லை. ஆனால் ஒரு நியாயம் இருக்கிறது. கணவருக்குக் குறை என்று றிப்போட் சொல்லியிருக்க, மாமி மருமகளைக் குறை சொல்லும்போது கணவர் வாய் மூடி இருப்பது அநியாயம். "அவள் மேல் பிழையில்லை உம்மா" என்ற ஒரு வார்த்தை போதும். விவரம் சொல்லத் தேவையில்லை.

பரிசோதனை செய்யாமலே இரண்டாம் நிக்காஹ் முடித்தால் முதல் மனைவியின் கண்ணீரோடு இரண்டாமவளின் கண்ணீரும் சேரும். கணவரிடம் குறை இருந்தால் நான்கு கலியாணம் முடித்தாலும் பிள்ளை கிடைக்கப்போவதில்லை. தலாக் சொல்லி, காதி நீதிமன்றத்தில் போய் நிற்பதற்கு முன் ஒரு சிறு குப்பியில் பரிசோதனை கொடுத்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும்.

மாமிமாருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் மகனுக்குக் குறை என்றால் அது நீங்கள் வளர்த்த வளர்ப்பில் வந்ததல்ல. மருமகள் கொண்டுவந்த துரதிர்ஷ்டமும் அல்ல. கண்ணுக்குத் தெரியாத ஒரு நூலில் அவன் பிறக்கும் முன்பே விழுந்த ஒரு முடிச்சு அது. சிலருக்கு அதை அவிழ்க்க வழியிருக்கிறது, சிலருக்கு இல்லை. நபிமார்களில் இப்றாஹீம் அலைஹிஸ்ஸலாம், ஸகரிய்யா அலைஹிஸ்ஸலாம் இருவருமே முதுமை வரை பிள்ளைக்காகக் காத்திருந்தவர்கள். பிள்ளையில்லாமை ஒருவரின் தரத்தைக் குறைப்பதல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

அடுத்த முறை மருமகளை வைத்தியரிடம் அனுப்பும்போது மகனையும் கூடவே அனுப்புங்கள். பரிசோதனைக்கு மகனின் பெயரையே முதலில் எழுதச் சொல்லுங்கள்.